இணைய வகுப்புக்கு ஆள் சேர்த்தவர்களுக்கும், சேர்ந்து வாய் திறந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. பெயர் போட்டால் சங்கடப்படுவீர்கள் என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போதே ‘இது நமக்குத்தான்’ என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் செய்த உதவி இன்னதென்று விவரமாகவே எழுதுகிறோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அது பயன்படட்டும்.

முதல் நன்றி, எங்களைப் பற்றி நாலு பேரிடம் சொன்னவர்களுக்கு. ஆரி வகுப்பு நடத்தும் அக்கா, நர்ஸிங் விடுதி வார்டன் அம்மா, பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள். ஆன்லைன் வகுப்பு என்றாலே காசை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விடுவார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதும்கூட. ‘எனக்குத் தெரிஞ்ச டீச்சர்தான், நம்பிச் சேரு’ என்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. ஃபேஸ்புக்கில் காசு கட்டிப் போடும் விளம்பரத்தைப் பார்த்து விசாரிப்பவர்கள் ஏராளம். வந்து சேருகிறவர்கள் சொற்பம்.

அக்கா, போஸ்டரை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். ‘ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, உடனே அணுகவும்’ என்று போட்டால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். யாருக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, ஒரு பேட்சில் எத்தனை பேர், மாதக் கட்டணம் எவ்வளவு என்ற ஐந்தும் இருந்தால்தான் படிக்கிறவர் ‘நம்மால் முடியுமா’ என்று கணக்குப் போடுவார். ‘பிள்ளையின் டீச்சரிடம் ஆங்கிலத்தில் பேச நினைக்கும் அம்மாக்களுக்கு, திங்கள், புதன், வெள்ளி, மதியம் 2.15 முதல் 2.55 வரை, ஆறு பேர் மட்டும்.’ சமையல் முடிந்து, பள்ளி விடுவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் நீங்கள். ‘30 நாளில் சரளமாகப் பேசலாம்’ என்று போடாதே என்று தடுத்தவரும் நீங்களே. அப்படிப் போட்டுச் சேர்க்கும் ஆள் முதல் மாதத்தைத் தாண்டமாட்டார். போகிறவர் சும்மாவும் போகமாட்டார், பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். வகுப்பை முடித்தால் என்ன செய்ய வரும் என்பதைச் சொல்வதே நேர்மை. அதற்கு ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகள் நல்ல துணை. ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் என்னென்ன செய்ய முடியும் என்று அதில் எளிய வாக்கியங்களாக இருக்கிறது. ‘ஏ2 முடித்தால் கடையிலும் பேருந்திலும் ஆஸ்பத்திரியிலும் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்’ என்றால் யாருக்கும் புரியும்.

வாட்ஸ்அப் சூட்சுமத்தை விளக்கிய கல்லூரித் தம்பிக்கு அடுத்த நன்றி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். விசாரித்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார். பாதிப் பேருக்குப் போயே இருக்காது. ஸ்டேட்டஸ் விஷயமும் இதேதான்: இருவர் போனிலும் இருவர் எண்ணும் இருக்க வேண்டும். அதனால் விசாரிப்பவரோடு பேசும் முதல் போனை வைப்பதற்கு முன், ‘நம்பரை சேவ் பண்ணிட்டு உங்க பேரை மட்டும் அனுப்பிவிடுங்க’ என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். தம்பி, விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட இந்த ஒரு வரி அதிகம் தருகிறது.

டெமோ வகுப்புக்கு வந்து, சேராமல் போனாலும் ஏன் சேரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களே, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. டெமோ என்பது ஆசிரியர் தன் ஆங்கிலத்தைக் காட்டும் இடம் என்ற நினைப்பை மாற்றியவர்கள் நீங்கள். இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் எதற்காக ஆங்கிலம் வேண்டும் என்ற பேச்சு, தமிழிலேயே. இண்டர்வியூவா, மகளின் பள்ளிக் கூட்டமா, வெளிநாட்டு வேலையா என்பது தெரியாமல் பாடம் தொடங்கினால் அது யாருக்கான பாடமும் ஆகாது. அடுத்த பத்து நிமிடம் அவர் சொன்ன அந்தத் தேவையிலிருந்தே ஒரு சின்னப் பயிற்சி. அதை முதலில் ஒருமுறை, திருத்தியபின் மறுமுறை, அவர் வாயாலேயே. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே கேட்க வேண்டும். பதிவு செய்து போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. டெமோவில் இலக்கணத் தேர்வு வைத்தால் பத்து வருடத்துக்கு முந்தைய வகுப்பறைப் பயம் திரும்பி வந்துவிடும். அதன்பின் அவர் போனை எடுக்க மாட்டார்.

ஆசிரியரையும் மாணவரையும் இணைத்துவிடும் ப்ரெப்ளி, கேம்ப்ளி போன்ற இணையதளங்களைப் பற்றி எச்சரித்த மூத்த ஆசிரியர்களுக்கும் நன்றி. ப்ரெப்ளியில் புது மாணவரின் முதல் டெமோ கட்டணம் முழுவதும் தளத்துக்கே போய்விடும். அதன்பின் 33 விழுக்காட்டில் தொடங்கும் பிடித்தம், சொல்லிக்கொடுத்த மணிநேரம் கூடக் கூட 18 வரை இறங்கும். இதைக் கணக்கில் கொள்ளாமல் கட்டணத்தைக் குறைத்து வைத்தால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. ஒரே தளத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு 2021 ஜூலையில் சீனா கொண்டுவந்த கட்டுப்பாடு சாட்சி. வெளிநாட்டில் இருந்தபடி சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே உத்தரவில் வேலை இழந்தார்கள்.

இனி வகுப்புக்குள் வருவோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மா, வகுப்புப் பதிவுகளைக் கடிகாரம் வைத்துக்கொண்டு கேட்டு, ‘நாற்பது நிமிஷத்துல டீச்சர் பேச்சு பன்னிரண்டைத் தாண்டக் கூடாது’ என்று கோடு கிழித்தீர்கள். ஜூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் அறுபது நிமிடம் தரும். ஆனாலும் ஆறு பேர் கொண்ட பேட்சுக்கு நாங்கள் ஜூமையே வைத்திருப்பது, வகுப்பைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூம் இலவசத்திலேயே இருப்பதால். இரண்டிரண்டு பேராகப் பிரித்து விட்டால் ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். மொத்த வகுப்பும் பார்க்க ஒருவர் பேசுவதைவிடத் தோழி ஒருத்தியிடம் தப்பும் தவறுமாகப் பேசுவது எளிது. கூச்சம் அங்கேதான் உடைகிறது. பிரித்துவிடும் முன் செய்ய வேண்டியதைச் சாட் பெட்டியில் எழுதியும் போட வேண்டும். வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னால், அறைக்குள் போனதும் ‘என்ன செய்யச் சொன்னாங்க?’ என்றே மூன்று நிமிடம் போய்விடும்.

அம்மா சொன்ன இன்னொன்று: ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதே. கேட்டால் எல்லாரும் ‘புரிஞ்சுது’ என்பார்கள்; அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கேள்வியைப் போடு, ஐந்து நொடி பொறு, அதன்பின் பெயரைச் சொல். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். வாய் திறக்கவே தயங்குகிறவர்கள் இருந்தால், பதிலைச் சாட்டில் தட்டி வைத்துக்கொண்டு ‘இப்போ அனுப்புங்க’ என்றதும் எல்லாரும் ஒன்றாக அனுப்ப வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதும் நிற்கும், தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் போகும்.

உச்சரிப்பு விஷயத்தில் மாணவர்களாகிய உங்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். நம் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே மெலிந்துவிடும்: தம்பி, பந்து, சங்கு. இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கூடவே வருகிறது. ‘சிம்பிள்’ என்ற சொல்லில் ‘பாம்பு’வில் வரும் மெலிந்த பகரம் ஒலிக்கும், மையம் என்ற பொருளில் வரும் ‘சென்டர்’, அனுப்புநர் என்ற பொருளில் வரும் ‘செண்டர்’ ஆகிவிடும். கேட்கும் அயல்நாட்டுக்காரருக்கு வாக்கியமே மாறிப்போகும். ‘அழுத்திச் சொல்லுங்க’ என்பதால் பயன் இல்லை, சத்தம்தான் கூடும். சொல்லை இரண்டாக உடைக்க வேண்டும். ‘சிம்’, ஒரு நொடி இடைவெளி, பிறகு ‘படம்’ என்பதன் பகரத்தோடு ‘பிள்’. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஐந்தாறு முறையில் ஒட்டிவிடலாம். பொறுமையாக உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்துப் பழகிய உங்கள் உழைப்பினால்தான் இது பலிக்கிறது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மொபைல் சர்வீஸ் கடைத் தம்பி இல்லையென்றால் இந்தப் பயிற்சியில் பாதி வீணாகியிருக்கும். ப்ளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்கும்போது ஒலி தெளிவாக இருக்கும். மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கியதும் அது பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும் என்று விளக்கினீர்கள். பழைய சாதனங்களில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி அப்படியே வெட்டுப்படுகிறது. ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் காற்றொலி பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. மாணவர் சரியாகச் சொன்னாலும் ஆசிரியர் காதில் தவறாக விழும். சரியைத் திருத்தப்போய் அவரைக் குழப்புவோம். வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், துப்பட்டாவில் உரசாமல் இருந்தால் சரி.

வீடியோவை ஆன் செய்யாதவர்களை ஆர்வம் இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள் என்று எடுத்துச் சொன்ன மாணவிகளுக்கும் நன்றி. குழு வகுப்பில் வீடியோ மணிக்கு 800 எம்பிக்கு மேல் இழுக்கும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி வரும் பேக்கை அண்ணனோடும் பிள்ளையோடும் பகிர்ந்துகொள்கிற வீட்டில் அது பெரிய செலவு. ஒலி மட்டும் என்றால் மணிக்கு 30, 40 எம்பியில் முடிந்துவிடும். முதல் இரண்டு நிமிடம் முகம் காட்டிப் பேசிவிட்டுப் பிறகு வீடியோவை நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் தோதாக இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முந்தின நாளே நினைவூட்டும் லைன்மேன் அண்ணனுக்கும் இந்த இடத்திலேயே நன்றி. லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, வைஃபை ரவுட்டருக்குத்தான் இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை மாட்டிவிட்டால் வகுப்பு அறுபடாது.

செவிலியர்களே, வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்குக் கேட்கப்படும் ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க வந்து எங்களுக்கு வார்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள். எழுத்துத் தேர்வு 45 நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் ‘கேஸ் நோட்’ என்ற நோயாளி பற்றிய குறிப்புகளைப் படிக்க மட்டும். அதை வைத்து எழுதும் கடிதம் 180 முதல் 200 சொற்கள். கெட்டிக்காரர்களும் இங்கே சறுக்குவது, கேஸ் நோட்டில் உள்ள எல்லாவற்றையும் எழுதிவிடுவதால். கடிதத்தைப் பெறுகிறவருக்கு எது வேண்டும் என்று பார்த்து, மற்றதைத் தள்ள வேண்டும். நைட் ட்யூட்டி முடிந்து வந்த அக்கா ஒருவர், பெறுகிறவர் பிசியோதெரபிஸ்ட் என்றால் எதை வைப்பது, வீட்டுக்கு வரும் செவிலியர் என்றால் எதை வைப்பது என்று ஒரே குறிப்பில் இரண்டு நிறத்தில் கோடு போட்டுக் காட்டினார். இன்றும் அந்தத் தாளைத்தான் பாடமாக வைத்திருக்கிறோம். பேச்சுத் தேர்வில் இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். நோயாளி கவலையைச் சொல்லி முடிக்கும் முன்பே ‘டோன்ட் வொரி’ என்று சொல்லிவிடுவதே அங்கே பெரிய சிக்கல். முதலில் கேள்வி, பிறகு ஆறுதல். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரே நேர பேட்ச் ஒத்துவராது என்று சொன்னவர்களும் நீங்கள்தான். அதே பாடத்தைக் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை வைத்து, எதில் வேண்டுமானாலும் வரலாம் என்றதும் விடுபடல் குறைந்தது.

தினமும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் எல்லாருக்கும் தனி நன்றி. வாரம் மூன்று வகுப்பு மட்டும் போதாது, இடையில் நாக்கு மறந்துவிடும். பதிலுக்கு நாங்கள் அனுப்புவதில் ஒரே ஒரு திருத்தம்தான் இருக்கும். ஐந்து தவறைச் சுட்டினால் மறுநாள் மெசேஜ் வராது. இரண்டு வகுப்பு தொடர்ந்து வராதவருக்கு மெசேஜ் போடாமல் போன் செய்து பேச வேண்டும் என்பதையும் உங்களிடமே கற்றோம். பெரும்பாலும் உடம்பு சரியில்லாத மாமியாரோ பிள்ளையின் பரீட்சையோ காரணமாக இருக்கும். கட்டணத்தை எட்டு வகுப்புக்கு முன்பணமாக வாங்கி, ஆறு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்த நாட்களுக்காக யாரும் நஷ்டப்பட வேண்டியதில்லை.

துபாய், ரியாத், சிங்கப்பூர், லண்டனில் இருந்து சேர்ந்தவர்களே, நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதச் சொன்னது உங்கள் யோசனை. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், ரியாத் இரண்டரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். லண்டன் மட்டும் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அந்த இரண்டு வாரமும் முன்கூட்டியே நினைவுபடுத்திவிடுகிறோம்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நடக்கும் இலவசப் பேச்சுப் பயிற்சி தொடரும். படித்து முடித்துப் போனவர்களும் வாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஜோடியாகப் பேச உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். பழைய லிங்கே போதும்.

நன்றியுடன்,
உங்கள் ஆன்லைன் ஆங்கில ஆசிரியர்கள்
மதுரை, தேனி, திண்டுக்கல்