ஆண்டறிக்கை: படங்களில் ஈக்களை இனங்காணும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தை ஈக்களே எடுத்துக்கொண்டதால் அறிக்கையும் அவற்றைப் பற்றியதே.

தேனீ என்றும் குளவி என்றும் வந்த படங்களில் பல, சிர்ஃபிட் ஈக்கள். பூவுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் இவற்றின் மஞ்சள் கருப்புப் பட்டைகள் யாரையும் ஏமாற்றும். இரண்டே இறக்கைகள், பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் சிறு குமிழாகச் சமநிலை உறுப்பு, பெரும்பாலும் குட்டையான உணர்கொம்பு. இவற்றைப் பார்த்துவிட்டால் ஈ என்பதில் குழப்பமில்லை. சிர்ஃபிட் ஈக்களுள் எரிஸ்டாலிஸ் பேரினத்தையும் அதன் நெருங்கிய உறவுகளையும் இறக்கையே காட்டிக்கொடுக்கும்: நீள நரம்பு ஒன்று ஆழமாக வளைந்து இறங்கியிருக்கும். அந்த வளைவை முதன்முதலாகத் தாமே கண்டுபிடித்த புதிய உறுப்பினர்களின் மகிழ்ச்சி இந்த ஆண்டின் பெரும் நிறைவு.

அதிக விவாதம் எழுந்தது இறைச்சி ஈக்களால்தான். சாம்பல் நிற மார்பில் மூன்று கருங்கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டங்கள் என்றால் சார்கோபேஜிடே குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு மேல் இனத்தைப் பிரிக்க, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பெரும்பாலும் போதாது. அத்தகைய படங்களைக் குடும்பப் பெயரோடு நிறுத்துவதெனச் செயற்குழு முடிவெடுத்தது. சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்ததை அறிவேன். ஆனால் ஊகித்த இனப்பெயர் ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால், அந்த இனம் எங்கெங்கே வாழ்கிறது என்ற வரைபடமே பிழையாகிவிடும். இந்த முடிவு தொடரவேண்டும் என்பதே என் கருத்து.

படத்துக்கே உரிய வலிமையும் உண்டு. மாட்டு ஈக்கள் பலவற்றின் கண்களில் மின்னும் வண்ணப் பட்டைகள், இறந்து உலர்ந்தால் மங்கிவிடும். இனங்காண உதவும் அந்த அடையாளத்தை ஊசியில் குத்தி வைத்த ஈ காட்டாது. உயிரோடு எடுத்த படம் காட்டும்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு ஈயையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் எடுக்க வேண்டுகிறேன். முகப்படம் அவசியம்: பல குடும்பங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். இறக்கை நரம்புகள் தெரியும்படி ஒரு படமும், தேதி, இடம், அமர்ந்திருந்த செடி ஆகிய குறிப்புகளும் சேரட்டும். நரம்புகளைப் படிக்கத் தனிப் பயிற்சி வகுப்பு நடத்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்