கலங்கரை விளக்கத்தின் விளக்கறைப் பணி: இந்த வாரம் மேலே ஏறுவோர் கவனத்துக்கு

அன்பர்களே, காலையில் முதல் வேலை திரைகளை இழுத்து மூடுவதுதான். ஃபிரெனெல் லென்ஸ், அதாவது கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கிய விளக்கு லென்ஸ், இரவில் ஒளியை வெளியே அனுப்புவது போலவே பகலில் வெயிலை உள்ளே குவிக்கும். தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். மேகமூட்டம் என்று திரையைத் திறந்து விடாதீர்கள், மேகம் கலைய நிமிடம் போதும்.

லென்ஸைத் தொடுமுன் மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பட்டகத்தின் விளிம்பு ஒருமுறை சில்லு பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. முதலில் மென்தூரிகையால் தூசு தட்டுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்சோப்பு கலந்து, நன்கு பிழிந்த பருத்தித் துணியால் துடையுங்கள். நீர் சொட்டினால் இணைப்புகளுக்குள் இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் வேண்டவே வேண்டாம், பித்தளைச் சட்டத்தை அது அரிக்கும். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கப் பூசிய பழைய பட்டியில் (புட்டி) ஈயம் இருக்கும், கையுறை அவசியம்.

வெளிக்கண்ணாடியில் படிந்த உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகே துடைக்கவும்.

உள்பக்கம் வியர்த்திருந்தால் காற்றுத் துவாரங்கள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் பறவைக்கூடுதான் காரணம்.