ஒரே பத்திரத்துல ரெண்டு கவர்மென்ட்டு

தாயி,

நல்லாருக்கியா, குளிர் குறைஞ்சுச்சா, பருப்புப்பொடி பார்சல் வந்துச்சான்னு உங்கம்மா கேக்கச் சொன்னா. போன வாரம் போன்ல "எல்லா பவரும் டெல்லிகிட்டதானப்பா இருக்கு, அப்புறம் சட்டசபை எதுக்கு"ன்னு கேட்டுட்டு மீட்டிங்னு வச்சுட்ட. முப்பது வருசம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல குப்பை கொட்டுனவன்கிட்ட கேக்குற கேள்வியா அது, எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஒரு கிரயப் பத்திரம் எடுத்துக்க. பதியுறது 1908ல வந்த பதிவுச் சட்டப்படி, அது டெல்லி கணக்கு. ஆனா முத்திரைத்தீர்வை எத்தனை சதவீதம்னு சொல்றது நம்ம மாநிலம், இங்க 7, பக்கத்து மாநிலத்துல வேற. அரசியலமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணைல மூணு லிஸ்ட் இருக்குல்ல, ராணுவம் ரயில்வே டெல்லிக்கு, போலீஸ் நிலம் மாநிலத்துக்கு, அதுல பெரிய தகராறு இல்ல. வில்லங்கமெல்லாம் பொதுப்பட்டியல்லதான், ரெண்டு பேரும் சட்டம் போடலாம், முட்டிக்கிட்டா டெல்லி சட்டம்தான் நிக்கும்.

அதுலயும் ஒரு சந்து இருக்கு, 254ஆவது பிரிவு. ஜனாதிபதி ஒப்புதல் குடுத்துட்டா அந்த மாநிலத்துக்குள்ள மாநிலச் சட்டம் நிக்கும். 2017ல காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு மெரினால போய் உக்காந்தியே (எனக்குத் தெரியாதுன்னு நெனச்ச), அந்த ஜல்லிக்கட்டு இந்த சந்து வழியாத்தான் திரும்ப வந்துச்சு, 1960 மிருகவதைச் சட்டத்துக்கு நம்ம சட்டசபை திருத்தம் போட்டு ஜனாதிபதி ஒப்புதல் வாங்கி, 2023ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னுருச்சு. நீட் விலக்கு மசோதாவும் ஜனாதிபதி வரைக்கும் போச்சு, ஒப்புதல் கெடைக்கல. அதனால நீ சொன்னது பாதி சரிதான், ஒத்துக்கிறேன்.

எனக்கு ஆறாதது கல்விதான். முதல்ல அது மாநில லிஸ்ட்ல இருந்துச்சு, 1976 எமர்ஜென்சில 42ஆவது திருத்தம் போட்டு பொதுப்பட்டியலுக்குத் தூக்கிட்டாங்க, அப்புறம் 44ஆவது திருத்தத்துல எவ்வளவோ சரி பண்ணாங்க, இத மட்டும் திருப்பிக் குடுக்கல.

எந்த லிஸ்ட்லயும் இல்லாதது நம்ம ஊர்ல டெல்லிக்குப் போகும். நீ இருக்குற கனடாலயும் 1867லருந்து அதே மாதிரி, மிச்சமெல்லாம் தலைநகர் ஒட்டாவாவுக்குத்தான். ஆனா உன் ஹெல்த் கார்ட எடுத்துப் பாரு, கனடா கவர்மென்ட் குடுத்தது இல்ல, ஒன்டாரியோ மாகாணம் குடுத்தது. அத ரினியூ பண்ணிட்டியா இல்லியா, அதச் சொல்லு முதல்ல.

அப்பா