ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் பட்டியல் எழுதுவது குறித்து

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் (reStructuredText; எளிய குறிகளை இட்டு ஆவணத்தை வடிவமைக்கும் எழுத்து முறை) எழுதும் ஆவணக் கோப்புகளில் பட்டியல் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரு வெற்று வரி கட்டாயம் விடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மேலே வெற்று வரி இல்லையெனில், நீங்கள் இட்ட சிறுகோடுகள் பட்டியலாக மாறாமல் முந்தைய பத்தியின் தொடர்ச்சியாகவே ஒட்டிக்கொள்ளும்.

அதிகச் சிக்கல் தருவது உட்பட்டியல்தான், அதாவது ஒரு பட்டியலின் உருப்படிக்குள் வரும் இன்னொரு பட்டியல். தாய் வரியில் சிறுகோடும் ஓர் இடைவெளியும் இருந்தால் அதன் எழுத்து மூன்றாவது இடத்தில் தொடங்குகிறது. ஆகவே உட்பட்டியலின் குறியும் மிகச் சரியாக அதே இடத்தில், மேலும் கீழும் வெற்று வரியுடன், அமைய வேண்டும். மார்க்டவுன் (Markdown) என்னும் இதுபோன்ற மற்றொரு எழுத்து முறையின் பழக்கத்தில் நான்கு இடைவெளி விட்டால், பிழைச் செய்தி எதுவும் வராமலேயே அது மேற்கோள் பகுதியாகக் கருதப்பட்டு, பக்கத்தில் கூடுதலாக உள்தள்ளித் தெரியும் (எச்சரிக்கை வராததால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை). நீண்டு அடுத்த வரிக்குச் செல்லும் உருப்படிக்கும் இதே நேர்க்கோட்டு விதி பொருந்தும்.

எண் பட்டியலில் 1, 2 என்று கையால் இடுவதைவிட ‘#.’ என இடுவதே நல்லது; இடையில் ஒரு படியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் எண்கள் தாமே சரியாகிவிடும். அங்கே எழுத்து நான்காவது இடத்தில் தொடங்குவதால், உட்பட்டியலுக்கு மூன்று இடைவெளி தேவை.