கண்ணுக்குக் கீழே எந்த ஃபில்லர்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குக் கீழே தெரியும் கருமை போக, ஃபில்லர் என்ற நிரப்பும் ஜெல்லை ஊசியால் போட்டுக்கொள்ள விரும்பி எங்கள் சரும சிகிச்சையகத்துக்கு எழுதுகிறவர்களில் பலர், மருந்தின் பெயரை முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். வால்பெல்லா இருக்கிறதா, ரெஸ்டிலேன் போடுவீர்களா, பெலோடெரோ நல்லதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு இந்த மடலில் பதில் உண்டு. ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வேலையில் மூன்றாவது படிதான். அங்கே நிரப்புவதற்கு ஒரு பள்ளம் இருக்கிறதா, நிரப்பினால் அந்த இடம் தாங்குமா என்ற இரண்டு கேள்விகள் அதற்கு முன்னால் நிற்கின்றன. இவற்றைத் தாண்டிப் போய் நேராக மருந்துக்கு வந்தால், எவ்வளவு நல்ல மருந்தும் வீண்தான்.

கண்ணடிக் கருமைக்குக் காரணம் பல. சிலருக்குத் தோலிலேயே நிறமி கூடுதலாக இருக்கும். பரம்பரையாக வரலாம், ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரலாம். சிலருக்கு அங்குள்ள தோல் மிக மெல்லியது. உடலிலேயே மெல்லிய தோல் கண்ணிமையைச் சுற்றி இருப்பதுதான். அதன் அடியிலுள்ள தசையும் ரத்த நாளங்களும் ஊதா நிறமாக வெளியே தெரியும். இன்னும் சிலருக்கு, கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தை நோக்கி ஒரு பள்ளம் இறங்கும்; அந்தப் பள்ளத்தின் நிழல்தான் கருமையாகத் தெரிகிறது. வயது ஏற ஏறக் கீழிமைக் கொழுப்பு முன்னே பிதுங்கி, அதன் கீழே நிழல் விழுவதும் உண்டு. பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

ஃபில்லர் சரிசெய்வது பள்ளத்தின் நிழலை மட்டுமே. நிறமியை அது தொடாது. மெல்லிய தோலின் ஊதா நிறத்துக்கு உதவலாம், சில நேரம் அதை இன்னும் மோசமாக்கவும் செய்யலாம். பெரிதாகப் பிதுங்கிய கொழுப்புக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி. அதைச் சுற்றி ஊசியால் நிரப்பிக்கொண்டே போனால் முகம் முழுவதும் உப்பித் தெரியும்.

வீட்டிலேயே நீங்கள் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, வெளிச்சம் வரும் ஜன்னலை நோக்கி நின்று முகத்தை மெதுவாக உயர்த்துங்கள். வெளிச்சம் பள்ளத்துக்குள் விழும்போது கருமை பெருமளவு மறைந்தால் அது நிழல். எந்தக் கோணத்திலும் அதே நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் தோலின் நிறம். தோலை விரலால் லேசாக இழுத்துப் பார்த்தாலும் நிறமி அப்படியே இருக்கும். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. ஆனாலும், எங்களிடம் வருவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

அடுத்தது, இடம் தாங்குமா என்பது. காலையில் எழும்போது கண்ணடி வீங்கியிருக்கிறதா, உப்பு கூடிய உணவுக்குப் பிறகு உப்புகிறதா என்று நாங்கள் கட்டாயம் கேட்போம். நாங்கள் இங்கே போடும் ஃபில்லரில் இருக்கும் ஹையலூரானிக் அமிலம் தண்ணீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். கண்ணுக்குக் கீழே நிணநீர் வடிவதோ மெதுவாகத்தான். வடிகால் இல்லாத வயலில் மழைநீர் தேங்குவதுபோல் அங்கே நீர் தேங்கி, மாதக்கணக்கில் வீக்கம் நிற்கக்கூடும். ஏற்கெனவே அப்படி வீங்குகிறவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறோம். இதனால் எங்கள்மீது வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கருவுற்றிருப்பவர்களுக்கும், தோலிலோ பல்லிலோ சைனஸிலோ கிருமித்தொற்று இருப்பவர்களுக்கும் இந்த ஊசி போடுவதில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் கடந்து வருகிறவர்களுக்காக, இனி மருந்து. இந்த இடத்துக்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர்களை மட்டுமே பயன்படுத்துவது என்பது எங்கள் உறுதியான முடிவு. காரணம் எளியது: தவறினால் கரைக்கலாம். ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் அது இந்த ஜெல்லை உடைத்துவிடும். வேறு வகை ஃபில்லர்களான ரேடியஸ்ஸில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்டுக்கோ, ஸ்கல்ப்ட்ராவில் இருக்கும் பாலிலாக்டிக் அமிலத்துக்கோ அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. பெல்லாஃபில் போன்றவற்றில் இருக்கும் நுண்மணிகள் உடலை விட்டுப் போவதே இல்லை. கன்னத்திலோ தாடையிலோ இவற்றுக்குப் பயன் உண்டு. ஆனால் மெல்லிய இமைத் தோலின் கீழே ஒரு சிறு கட்டி உருண்டாலும் எல்லோர் கண்ணிலும் படும்.

ஹையலூரானிக் அமில ஃபில்லர் எல்லாமே ஒன்று அல்ல. அமிலச் சங்கிலிகளை எவ்வளவு பிணைத்திருக்கிறார்கள், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, ஜெல் அழுத்தத்துக்கு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது, எவ்வளவு தண்ணீரை இழுக்கிறது என்பதெல்லாம் மாறும். கண்ணடிக்கு வேண்டியது குறைவாகத் தண்ணீர் இழுக்கும், சீராகப் பரவும் ஜெல். உதட்டுக்கு நன்றாக உதவும் ஜூவடெர்ம் அல்ட்ராவில் 24 மில்லிகிராம் இருக்கிறது. நீரை நன்றாக ஈர்க்கும். அதைக் கண்ணுக்குக் கீழே வைக்க நாங்கள் விரும்புவதில்லை.

வால்பெல்லாவில் 15 மில்லிகிராம்தான். வீக்கம் குறைவு, மென்மையாகப் படியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 தொடக்கத்தில் கண்ணடிப் பள்ளத்துக்கென்றே அதற்கு அனுமதி அளித்தது. 2023-இல் ரெஸ்டிலேன் ஐலைட்டுக்கும் அளித்தது. இரண்டுமே 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஐலைட்டில் 20 மில்லிகிராம். எலும்பை ஒட்டி ஆழத்தில் வைக்கும்போது இடம் பிடித்து நிற்கும். தோல் சற்றுத் தடித்து, பள்ளம் ஆழமாக இருப்பவர்களுக்கு நாங்கள் அந்த வகையையே முதலில் நினைக்கிறோம். பெலோடெரோ பேலன்ஸ் திசுவுக்குள் நன்றாகக் கலந்து பரவுவதால் நீலம் தெரியும் வாய்ப்பு குறைவு; மெல்லிய தோலுக்கு ஏற்றது. டியோக்ஸேன் நிறுவனத்தின் ரெடென்சிட்டி 2 இந்த இடத்துக்காகவே உருவாக்கப்பட்டது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்து என்று எங்களால் எதையும் சொல்ல முடியாது.

நீலம் என்றோமே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெல் தோலின் மேலடுக்குக்கு மிக அருகில் படிந்தால், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்போது நீல ஒளியே அதிகமாகத் திரும்பி வருகிறது. டின்டால் விளைவு என்று இதற்குப் பெயர். கருமை போக வேண்டும் என்று வந்தவருக்கு நீலம் கலந்த சாம்பல் நிறம் கிடைத்தால் எவ்வளவு ஏமாற்றம்! எனவே ஜெல்லைத் தசைக்கு அடியில், எலும்பின் மேலே வைப்பதுதான் வழக்கம். அளவிலும் கை இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மில்லிலிட்டருக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பள்ளத்தை முழுவதும் மூடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பதே எங்கள் வழக்கம். கன்னத்தின் மேற்பகுதி சரிந்திருந்தால் முதலில் அங்கே தாங்கல் கொடுப்போம். அதன் பிறகு கண்ணடிக்கு மிகக் குறைவாகவே தேவைப்படும், சிலருக்குத் தேவையே இருக்காது.

எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்விக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்ற பதிலைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. படங்களில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட ஜெல் இன்னும் அதே இடத்தில் இருப்பது தெரியவந்திருக்கிறது. கண்ணடியில் அசைவு குறைவு என்பதால் மெதுவாகவே கரைகிறது. அதனால் ஆண்டு தவறாமல் ‘டச்-அப்’ போட வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒரு முறை யோசியுங்கள். பழையது இருக்கும்போது புதியதைச் சேர்த்தால் வீக்கம்தான் மிச்சம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வேகமாகக் கடந்துபோக வேண்டாம். மூக்கின் ஓரமாக மேலேறும் தமனி கண்ணுக்குள் போகும் தமனியின் கிளைகளோடு இணைந்திருக்கிறது. ஃபில்லர் தவறுதலாக அதற்குள் நுழைந்தால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே போய்விடலாம். கேனுலா என்ற முனை மழுங்கிய மெல்லிய குழாயால் இந்த ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது. ஊசி போடும்போதோ அதன் பிறகோ கடுமையான வலி, தோல் வெளிறிப்போதல், வலைபோன்ற ஊதாக் கோடுகள், பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசர நிலை. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் அழையுங்கள். பார்வையில் மாற்றம் என்றால் நேராக மருத்துவமனைக்கே போக வேண்டும், அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நீங்கள் வேறு எங்கே சிகிச்சை எடுத்தாலும், ஹையலூரானிடேஸ் இப்போது கைவசம் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்த மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தயங்கிப் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரித்திருக்கிறது. இணையத்தில் வாங்கித் தாங்களே போட்டுக்கொள்வதைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் எங்கள் பதில் ஒன்றுதான்: வேண்டவே வேண்டாம்.

எங்களிடம் முதல் முறை வரும்போது அன்றே ஊசி போட மாட்டோம். ஒப்பனை இல்லாமல் வாருங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்போம். படுத்தால் பள்ளமும் பையும் இடம் மாறிவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், மீன் எண்ணெய் உட்பட, கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம். தேனீ கொட்டி ஒவ்வாமை வந்ததுண்டா என்பதையும் சொல்லுங்கள், கரைக்கும் நொதியைப் பயன்படுத்த நேர்ந்தால் அது தேவைப்படும். முன்பு எங்காவது ஃபில்லர் போட்டிருந்தால், சிரிஞ்சுப் பெட்டியிலிருந்து ஒட்டிக்கொடுத்த லேபிள் உள்ள அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சிகிச்சையகக் குழுவினர்