மெஷின இரும்புக்குப் போட்டுராதக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்துட்டு. எல்லாரும் சொகமா இருக்கியன்னு படிச்சதும் சந்தோசம், ஆனா நடுவுல ஒரு வரி எழுதிருக்க பாரு, அப்பாவோட தையல் மெஷின அத்தான் பழைய இரும்புக்கடையில போடச் சொல்லுதாவன்னு, அதுக்குத்தான் இன்னைக்கே ஒக்காந்து எழுதுதேன். வேண்டாம்க்கா, போட்டுராத.

நான் இருக்கது ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பக்கத்துல கிளைட்பேங்க்னு உனக்குத் தெரியும்லா, இங்கதான் தையல் மெஷின் செய்யுத சிங்கர் கம்பெனியோட பெரிய ஃபேக்டரி இருந்துச்சு. 1980ல மூடிட்டாங்க. ஆனா ரயில்வே ஸ்டேஷன் பேரு இன்னமும் சிங்கர்தான், நம்ம செங்கோட்ட வண்டி வீரவநல்லூர்ல நிக்குத மாதிரி இங்க வண்டி சிங்கர்ல நின்னு போகுது. மொதமொத அந்த போர்டப் பாத்ததும் நம்ம பட்டாசல்ல கெடக்க மெஷின்தான் கண்ணு முன்னால வந்துச்சு.

கீழ்வீட்டுத் தாத்தா வாலிபத்துல அந்த ஃபேக்டரியில வேலை பாத்தவரு. வெரல் வெறைக்குத குளிர்லயும் அரைக்கை சட்டையோட குப்பை போட வருவாரு. நான் கையால சுத்துத சிங்கர் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கித் தச்சுக்கிட்டு இருக்கேன்லா, ஒரு நாள் கதவத் தட்டி, ஷட்டில்ல எண்ணெய் இல்ல சத்தம் கீழ வரைக்கும் கேக்குன்னு சொல்லி அவரே எண்ணெய் டப்பாவ நீட்டுனாரு. இப்ப நான் எதத் தச்சாலும் மொதல்ல உள்பக்கத்தத் திருப்பித்தான் பாப்பாரு. போன வாரம் எனக்கு ஒரு சட்டை தச்சேன்க்கா. காலர் முனைக்கு வந்ததும் சட்டுன்னு திருப்பாம குறுக்க ஒரே ஒரு தையல் விட்டுட்டுத் திருப்பணும், பொறவு உள்ள இருக்க துணிய ஒட்ட வெட்டிட்டு கம்பிய வச்சு மெதுவாத் தள்ளுனா முனை கூரா நிக்கும். நம்ம யூனிஃபார்ம் காலரெல்லாம் அப்பா இப்படித்தான் தச்சிருக்காவ.

நம்ம பக்கம் கடை வச்சுத் தைக்கது பெரும்பாலும் ஆம்பளதான், புதியம்புத்தூர் போனா தெருவுக்குத் தெரு மெஷின் சத்தந்தான், அத யாரும் ஒன்னும் சொல்லதில்ல. நம்ம அப்பா மாதிரி ஒரு வாத்தியாரு சாயங்காலம் வீட்டுல ஆசைக்குத் தச்சா மட்டும் ஊரே பேசும். அம்மை வாசக்கதவச் சாத்திட்டுத்தான அப்பாவத் தைக்க விடுவா? இப்ப நெனச்சாலும் எனக்கு ஆத்திரமா வருது. யாருக்கு என்ன கெடுதல் செஞ்சாவ அவிய? எனக்கும் இது பிடிச்சிருக்கு, வேலை முடிஞ்சு வந்து துணிய விரிச்சு சாக்பீஸ்ல கோடு போட்டா மனசு அடங்கிருது. யாரும் கேட்டா ஒளிக்காம சொல்லு, தம்பி தைக்கான்னு.

நான் நல்லா இருக்கேன். ஷிஃப்ட்டு இந்த மாசம் கொஞ்சம் கம்மி, அதனால தைக்க நேரம் நெறைய கெடைக்கு. பணம் மட்டும் பத்தாந்தேதிக்கு மேலதான் வரும், அம்மைட்ட சொல்லாண்டாம். ஹீட்டர் போடுததில்ல, கம்பளியப் போத்திட்டு மெஷின் முன்னால ஒக்காந்தா குளிர் தெரியாது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிருது. ஞாயித்துக்கெழம தோலுளுந்து வாங்கி உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் தொவையலும் அரைச்சேன், நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சு மொத வாய் வச்சதும் என்னமோ முழுங்க முடியல. மிச்சத்தக் கீழ்வீட்டுத் தாத்தாவுக்குக் குடுத்துட்டேன். ஆத்துல குளிச்சுட்டு ஈரத்துண்டோட வந்து ஒக்கார நீ உருட்டிப் போடுவ பாரு, அது இங்க வராதுக்கா.

சரி, விசயத்துக்கு வாரேன். மெஷினோட வலதுபக்கம் தட்டுல நம்பர் குத்திருக்கும், நல்லாத் தொடச்சுட்டு போட்டோ எடுத்து அனுப்பு. இங்கிலீஷ் எழுத்து Yன்னோ EAன்னோ ஆரம்பிச்சா அது இந்த ஊர்ல செஞ்சது, தாத்தாட்ட காட்டணும். எடத்த அடைக்குன்னு அத்தான் சொன்னா மச்சுல ஏத்தச் சொல்லு. தேங்காயெண்ணெய் மட்டும் விட்டுராத, பிசுக்கு பிடிச்சு இறுகிரும், மெஷின் எண்ணெய்தான் விடணும்.

வரப்பு விசயமா சித்தப்பாட்ட நீ ஒன்னும் பேசாண்டாம், பிசான அறுப்பு முடியட்டும், சர்வேயர வச்சு அளந்துக்கிடலாம். பட்டா நகல் பீரோவுல அப்பா டைரிக்குள்ள இருக்கு. அம்மைக்கு கண்ணு ஆபரேசனுக்கு தேதி குடுத்தா ஒடனே சொல்லு. சின்னவளுக்குப் பாவாடை தைக்கப் போறேன், இடுப்பும் நீளமும் டேப்பு வச்சு அளந்து எழுது, வளருத புள்ள, ரெண்டு டக் மடிப்பு விட்டே தைக்கேன். கலரு அவட்டயே கேளு.

இப்படிக்கு,
உன் தம்பி