ஃபார்மட் வேண்டாம், ஃபோல்டரின் உரிமையை மாற்றிக் கொடுங்கள்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். லேபில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பை எடுத்துவிட்டு 24.04 போட்டுக் கொடுத்தீர்கள், நன்றி. பழையதற்கான ஐந்தாண்டு ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். அன்றிலிருந்து பெரும்பாலான பிள்ளைகளால் லாகின் செய்ய முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை புகார் கொடுத்தேன். இரண்டு முறையும் யாரும் வந்து பார்க்காமலே 'சரிசெய்யப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். மூன்றாம் முறை போனில் கிடைத்த பதில், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள், பிள்ளைகளின் கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும். இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வீட்டில் கணினி கிடையாது. ரெக்கார்டுக்கான பைத்தான் நிரல்கள் அத்தனையும் சாப்பாட்டு இடைவேளையில்கூட லேபில் உட்கார்ந்து அடித்து வைத்தவை. பாஸ்வேர்டைப் போடுகிறாள், திரை ஒரு நொடி இருட்டாகிறது, மறுபடியும் அதே லாகின் பக்கம். பாஸ்வேர்டு தவறு என்றும் சொல்வதில்லை. நான்கு நாள் இப்படியே. தான்தான் மறந்துவிட்டோம் என்று நினைத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தோன்றிய பாஸ்வேர்டை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, வெறும் எழுத்துத் திரையில் அவளை லாகின் செய்யச் சொன்னேன். முதலில் இருந்த அதே பாஸ்வேர்டில் உடனே உள்ளே போனாள். அவளுடைய பயனர் எண், அதாவது அவள் கணக்குக்குக் கணினி தந்திருக்கும் எண், இப்போது 1003. ஆனால் எல்லோருடைய ஃபோல்டர்களும் இருக்கும் ஹோம் பகுதியில், எது யாருக்குச் சொந்தம் என்று எண்ணில் காட்டும் 'எல்எஸ் -எல்என்' கட்டளையைப் போட்டால், அவள் ஃபோல்டர் 1001க்குச் சொந்தம் என்று வருகிறது. ஃபோல்டர் யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்துக் குறித்துக்கொள்வதில்லை, எண்ணை வைத்துத்தான். முன்பு பிள்ளைகள் சேர்ந்த வரிசையில் கணக்குத் தொடங்கியிருந்தோம். நீங்கள் பெயர்ப் பட்டியலின் வரிசையில் தொடங்கியிருக்கிறீர்கள். ஹோம் பகுதியை அழிக்காமல் விட்டது நல்ல காரியம், ஆனால் எண்கள் இடம் மாறிவிட்டன. சொந்த ஃபோல்டரிலேயே எழுத அனுமதி இல்லாததால் டெஸ்க்டாப் தொடங்காமல் அவளை வெளியே தள்ளுகிறது. 1001 இப்போது வேறொரு மாணவனின் எண். அவன் நினைத்தால் அவள் கோப்புகளை அழித்துவிடலாம்; அவளால் திருத்தக்கூட முடியாது.

'ஆட்யூசர்' கட்டளையில் கணக்குத் தொடங்கியிருந்தால், இந்த ஃபோல்டர் இவருக்குச் சொந்தமானதில்லை என்று அப்போதே எச்சரித்திருக்கும். அந்த ஒரு வரியை நின்று படித்திருக்கலாம்.

லேபில் எது கெட்டாலும், "பசங்க எதையாவது நோண்டியிருப்பாங்க" என்பதுதான் முதல் பதில். மவுஸ் வேலை செய்யாவிட்டாலும் அதே பேச்சு, நெட் வராவிட்டாலும் அதே பேச்சு. இந்தப் பிள்ளைகள் எதையும் நோண்டவில்லை. அட்மின் பாஸ்வேர்டு பள்ளியில் யாரிடமும் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. இருந்திருந்தால் அன்று மாலையே நான் முடித்திருப்பேன்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேன். கேட்பது இதுதான். முதலில் ஹோம் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையையும், உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து, 'சௌன் -ஆர்' கட்டளையில் அதற்குரிய மாணவருக்கு மாற்றுங்கள். ஒரு கணினியில் நான்கு கணக்குதான் இருக்கிறது, அதிக நேரம் ஆகாது. ஃபார்மட் மட்டும் வேண்டாம். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. போன நிரல்களை மறுபடி அடிக்க அவர்களுக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பீரியடிலிருந்து லேபைத் திறந்து வைத்திருப்பேன். அந்த மாணவியின் கணினி சன்னலோரம் மூன்றாவது. அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்